ஒன்லைன் ஸ்லொட் ஜக்பொட் கணக்கை விளங்கப்படுத்த ஆராவது இருக்கிறீங்களா?

வணக்கம் உறவுகளே. பாலையூற்றுப் பக்கம் இருக்கிற எங்கட அத்தான்ர விசயம். மீன் வாடியில கணக்குப் பாக்கிறவர், ஒரு சதம் பிழைக்காது. போனில ஸ்லொட்டை (காசு கட்டி, படம் போட்ட உருளையைச் சுத்த விடுற சூதாட்டம்) திறந்தா மட்டும் அந்தக் கணக்கெல்லாம் எங்க போகுதோ தெரியாது.

"96 வீதம் திரும்பி வரும் எண்டு அதிலயே போட்டிருக்கு, நூறுக்கு 4 ரூபாதானே நட்டம்" எண்டுறார். அது ஒருக்காப் போட்டா. 1000 ரூபாயைப் போட்டு, வந்ததை அப்பிடியே திரும்பத் திரும்பப் போட்டா, பத்தாம் தரம் முடிய சராசரியா 665 ரூபாதான் மிச்சம். 25 தரத்தில 360. இதைக் கடதாசியில எழுதியே காட்டினன். "ஜக்பொட் (ஆகப் பெரிய பரிசு) விழுந்தா?" எண்டு கேக்கிறார்.

அஞ்சு உருளை, ஒவ்வொண்டிலயும் 30 படம், ஜக்பொட் படம் ஒவ்வொண்டு எண்டு வைச்சாலே, அஞ்சிலயும் அந்தப் படம் ஒண்டா நிக்க 2 கோடி 43 லட்சத்தில ஒரு வாய்ப்பு. அதுவும் எல்லாப் படத்துக்கும் சம வாய்ப்பு இருந்தால். 1984இல டெல்னஸ் (Inge Telnaes) எண்டவர் காப்புரிமை எடுத்த முறையில, எந்தப் படம் நிக்கவேணும் எண்டதைக் கணினி எடுக்கிற எண்தான் தீர்மானிக்கும். கண்ணுக்குத் தெரியிற உருளையை வைச்சு வாய்ப்பை எண்ணேலாது. "கனநாளா விழேல்ல, இனி விழும்" எண்டதும் சரிவராது, ஒவ்வொரு சுத்தும் புதுசு.

நான் சொன்னா அக்காவுக்காகக் கதைக்கிறன் எண்டுறார். திருகோணமலை டவுன் பக்கம் கணித ஆசிரியர் ஆராவது ஒரு பின்னேரம் அவரோட இருந்து கதைப்பீங்களா? தமிழில நல்ல வீடியோ இருந்தாலும் போடுங்கோ. வங்கிக் கார்டில ஒன்லைன் கட்டணத்தை மட்டும் நிப்பாட்டின ஆக்கள், எப்பிடிச் செய்தனீங்கள் எண்டும் சொல்லுங்கோ.