சுட்டி எழவில்லை: ‘சஸ்பெண்ட்’டுக்கு ஒரு சொல் வேண்டும்

கோவையிலிருந்து, செவ்வாய் இரவு

வணக்கம்.

நம் தமிழாக்கக் குழுவுக்காக ஞாயிறு இரவுக்குள் ஒரு உதவிப்பக்கத்தை மொழிபெயர்த்து ஏற்ற வேண்டும். லினக்ஸ் மேசைத்தளத்துக்கானது (டெஸ்க்டாப்), 34 வரி. பாதி முடிந்தது. மீதிப் பாதி ஒரே சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறது. கணினி ‘சஸ்பெண்ட்’ ஆகி மறுபடி எழுந்த பிறகு மவுஸ் நகரவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் பக்கத்தின் விஷயம்.

மவுஸுக்குச் ‘சுட்டி’ என்று நம் சொற்பட்டியலிலேயே இருக்கிறது. அதை யாரும் கிளற வேண்டாம், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். சஸ்பெண்டுக்குப் பழைய கோப்புகளைத் துழாவினேன். ஓரிடத்தில் ‘இடைநிறுத்து’, இன்னோரிடத்தில் ‘தற்காலிக நிறுத்தம்’, வேறோரிடத்தில் ‘உறக்கம்’. ஒரு புண்ணியவான் ‘பணியிடை நீக்கம்’ என்றே போட்டிருக்கிறார். கணினி லஞ்சம் வாங்கி மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது.

மூன்று சொல் தேவை. நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் போய்க்கொண்டிருக்க, மற்றதெல்லாம் ஏறக்குறைய அணைந்திருக்கும் நிலைக்கு ஒன்று. கணினியின் மின்சார நிலைகளை வகுக்கும் ஏசிபிஐ தரம் இதை எஸ்3 என்கிறது. நினைவகத்தில் இருப்பதை வட்டில் எழுதி வைத்துவிட்டு அணைந்துபோகும் நிலைக்கு ஒன்று. அது எஸ்4, ‘ஹைபர்நேட்’. அப்புறம், இவற்றிலிருந்து எழுவதற்கு ஒன்று. சொல்லுங்கள்.


தஞ்சாவூர்ப் புலவர், அன்றே நள்ளிரவு

அன்புடையீர்,

‘துஞ்சு’ என்னும் பசுந்தமிழ் வினை இருக்க, ஏன் இந்தத் தேடல்? எஸ்3க்குத் துஞ்சுநிலை. வினைத்தொகை. எனவே சேர்த்தே எழுதுக, நடுவில் இடைவெளி விடற்க. எழுவதற்குத் துயிலெழல். ஹைபர்நேட்டுக்கு நெடுந்துஞ்சல்.

துஞ்சுதல் சாவையும் குறிக்குமே என்பீர்கள். வள்ளுவர் ‘துஞ்சினார் செத்தாரின் வேறல்லர்’ என்றார். துஞ்சினார் ஒரு சாரார், செத்தார் ஒரு சாரார் என்று அவர் மனத்தில் பிரிந்து நின்றதால் அல்லவா ஒப்பிட முடிந்தது? ஆகவே துஞ்சல் என்பது உறக்கமே.


மதுரையிலிருந்து, புதன் காலை

ஐயா, பிரித்தவர் அதே அடியில் ‘வேறல்லர்’ என்று ஒட்டியும் வைத்துவிட்டாரே.

புறநானூற்றில் குராப்பள்ளித் துஞ்சிய கிள்ளிவளவன், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன், வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதி என்று வரிசையாக வருகிறார்கள். துஞ்சிய இடத்தைப் பட்டப்பெயராகவே வாங்கிக்கொண்டவர்கள். ஒருவரும் திரும்ப எழுந்ததாகத் தகவல் இல்லை. என் கடைக்கு வருகிற ஒருவர் திரையில் ‘உங்கள் கணினி துஞ்சுகிறது’ என்று பார்த்தால் கையில் மாலையோடுதான் வருவார்.

பழுதுபார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கடையில் நான் கேட்பது மூன்றே வாக்கியம்: ‘ஹேங் ஆயிருச்சு’, ‘ஆஃப் ஆயிருச்சு’, ‘மவுஸ் செத்துப்போச்சு’. உறங்குவது, உறைந்து நிற்பது, அணைவது மூன்றையும் ஆட்கள் குழப்பிக்கொள்கிறார்கள். கணினி நன்றாக எழுந்திருக்கும், சுட்டி மட்டும் எழுந்திருக்காது. இவர்கள் ஹேங் என்று நினைத்து பவர் பொத்தானை விடாமல் அமுக்கிப் பிடிப்பார்கள். சேமிக்காத வேலையெல்லாம் போய்விடும். போன மாதம் ஒரு ஆடிட்டர் அலுவலகத்துப் பையன் இப்படி ஒரு முழு மதியத்துக் கணக்கை இழந்துவிட்டு வந்தான். நான் செய்ததெல்லாம் யுஎஸ்பி ஓட்டையில் இருந்த, கம்பியில்லா மவுஸின் நகம் அளவு ரிசீவரைப் பிடுங்கி மறுபடி சொருகியதுதான். சுட்டி ஓடியது.

எனவே எந்தச் சொல் வைத்தாலும் சரி, சாவு வாடை வேண்டாம், ஹேங் வாடையும் வேண்டாம்.


யாழ்ப்பாணத்திலிருந்து, புதன் மதியம்

வணக்கம். நான் உயர்தர வகுப்புக்குத் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். வகுப்பில் ‘நித்திரை’ என்றுதான் சொல்வேன். பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்.

யாராவது ‘தூக்கம்’ என்று கொண்டுவர முதல் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் தூங்குதல் என்றால் தொங்குதல். கொடியில் உடுப்புத் தூங்கும். ‘கணினி தூங்குகிறது’ என்றால் பிள்ளைகள் மேசையை விட்டுவிட்டுக் கூரையைப் பார்ப்பார்கள்.


சிங்கப்பூரிலிருந்து, புதன் இரவு

அக்கா, நீங்கள் வேண்டாம் என்று சொன்ன இடத்தில்தான் தங்கம் இருக்கிறது!

தூங்கு என்பதற்கு மூலப்பொருளே தொங்குதல்தான். தூங்கணாங்குருவி தூக்கம் பிடித்த குருவியல்ல, தொங்குகிற கூடு கட்டும் குருவி. சோழன் எறிந்த தூங்கெயில் வானத்தில் தொங்கிய கோட்டை. தொட்டிலில் தொங்கி அசைந்த குழந்தை கண்ணயர்ந்ததால் தூங்குதல் உறக்கமாயிற்று என்பது என் ஊகம். இப்போது ஆங்கிலத்துக்கு வாருங்கள். சஸ்பெண்ட் என்பதற்கு லத்தீனில் என்ன பொருள்? தொங்கவிடுதல்! அவர்கள் தொங்கலிலிருந்து இடைநிறுத்தத்துக்குப் போனார்கள், நாம் தொங்கலிலிருந்து உறக்கத்துக்குப் போனோம். கணினியில் இரண்டும் ஒன்றாகச் சந்திக்கின்றன. ‘தூக்கம்’ என்பது சஸ்பெண்டின் வேர்வரைக்கும் பொருந்தும் ஒரே சொல்.

தூங்குமூஞ்சி மரத்தையும் இதில் சேர்க்க வேண்டும். மாலையானால் அதன் இலை மடிந்து


மதுரையிலிருந்து, சற்று நேரத்தில்

தம்பி, மரத்தை விட்டு இறங்குங்கள். ஹேங் என்பதற்கும் அர்த்தம் தொங்குவதுதான். உங்கள் கணக்குப்படி சஸ்பெண்டும் தூக்கம், ஹேங்கும் தூக்கம். எதை ஒரே சொல்லில் அடைக்கக்கூடாது என்று காலையில் கெஞ்சினேனோ, அதையே செய்திருக்கிறீர்கள்.


தஞ்சாவூர்ப் புலவர், வியாழன் விடியல்

நித்திரை வடசொல். ‘உடனே விளங்கும்’ என்பதே அளவுகோலானால் ஸ்லீப் என்பது அதைவிட விரைவாக விளங்கும். பிறகு இக்குழு எதற்கு?

ஒன்று கவனித்தேன். கோவை அன்பர் கணினி என்கிறார். இலங்கை அச்சுகளில் கணனி என்றும் கண்டிருக்கிறேன். கணி என்னும் வினையடியோடு


கோவையிலிருந்து, வியாழன் காலை

ஐயா, கணனி வேண்டாம். அந்த விவாத இழை போன வருடமே முடிந்துவிட்டது. அதுவும் முடிந்ததா என்றால் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, ஐயா. ஞாயிற்றுக்கிழமை.


ஸ்ரீரங்கத்திலிருந்து, வியாழன் மாலை

எல்லோருக்கும் வணக்கம். தொலைபேசித் துறையில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். பொதுவாகப் படிப்பதோடு சரி. இதில் பேசாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஊர்ப் பெருமாள் படுத்திருக்கிறார். அவர் தூங்குகிறாரா என்று கேட்டால் இல்லை. அதற்குப் பெயர் அறிதுயில். எல்லாம் அறிந்துகொண்டே துயில்வது. கோவைக்காரர் எஸ்3 பற்றி எழுதியதைப் பாருங்கள்: நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் போகிறது. அதாவது நினைவு இருக்கிறது, உடம்பு ஓய்கிறது. விசைப்பலகையில் ஒரு தட்டுத் தட்டினால் எழுகிறது என்றால், தட்டுகிற சத்தத்தை யாரோ உள்ளே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் நமக்குப் புதிதாகச் செய்ய வருமா? எஸ்3க்கு அறிதுயில். எஸ்4க்குச் சும்மா துயில்.


மதுரையிலிருந்து, வியாழன் இரவு

அம்மா, சொல் அழகு. ஆனால் மவுஸை எழுப்பத் திருப்பள்ளியெழுச்சி பாடச் சொல்கிறீர்களா? என் கடைக்கு எல்லா மதத்தாரும் வருகிறார்கள், எம்மதமும் வேண்டாம் என்பவர்களும் வருகிறார்கள். ‘கணினி அறிதுயில் கொள்கிறது’ என்று ஒருவருக்குப் புரிய வைக்க நான் முதலில் பாற்கடலை விளக்க வேண்டும்.

ஆனாலும் அம்மா சொன்ன ‘உள்ளே கேட்டுக்கொண்டிருப்பது’ என்பதில்தான் இந்தப் பழுதின் சாவி இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், மொழிபெயர்ப்புக்கு உதவும்.

இங்கே உறங்குவது ஒன்றல்ல, இரண்டு. கணினி ஒரு பக்கம் உறங்குகிறது. யுஎஸ்பியில் செருகிய சாதனம் தன் பங்குக்குத் தனியாக ஒடுங்குகிறது. தடத்தில் 3 மில்லிநொடிக்கு எந்த நடமாட்டமும் இல்லை என்றால் சாதனம் தானே ஒடுங்கிவிட வேண்டும் என்பது யுஎஸ்பியின் விதி. அதை எழுப்ப, கணினி குறைந்தது 20 மில்லிநொடி எழுப்பு சமிக்ஞை கொடுக்க வேண்டும். இந்த இடத்தில் இயக்கி (சாதனத்தை இயக்கும் நிரல், டிரைவர்) சொதப்பினாலோ, ஒரு துளையைப் பலவாக்கும் மலிவான ஹப் ஒன்று நடுவில் இருந்தாலோ கணினி எழுந்துவிடும், சுட்டி எழாது. சில கம்பியில்லாச் சுட்டிகள் பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தாங்களாகவும் ஒடுங்கும். அவற்றை நகர்த்தினால் போதாது, பொத்தானை ஒரு முறை அழுத்த வேண்டும். விண்டோஸில் சாதன மேலாளரில் ‘மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம்’ என்ற பொருளில் ஒரு குறி இருக்கும். அதை எடுத்துவிட்டால் பல சமயம் தொல்லை தீரும். லினக்ஸில், பழைய மடிக்கணினியின் தொடுபலகை எழவில்லை என்றால் பிஎஸ்மவுஸ் என்ற இயக்கியைக் கழற்றி மறுபடி ஏற்றிப் பார்க்கலாம்.

ஆக, கணினிக்கு ‘உறக்கம்’, சாதனத்துக்கு ‘ஒடுக்கம்’. ‘கணினி உறக்கத்திலிருந்து எழுந்தும் சுட்டி ஒடுக்கத்திலிருந்து எழவில்லை.’ எப்படி?


தஞ்சாவூர்ப் புலவர், வெள்ளி விடியல்

ஒடுக்கம் என்று சித்தர் சமாதியையும் சொல்வதுண்டு. துஞ்சலில் சாவு வாடை என்று மூக்கைப் பொத்தியவர் இப்போது சமாதியிலேயே கொண்டுபோய் வைக்கிறார். மகிழ்ச்சி.


சிங்கப்பூரிலிருந்து, வெள்ளி காலை

உறக்கம், ஒடுக்கம் இரண்டும் திரையில் சிறிய எழுத்தில் ஒன்று போலத் தெரியும். சாதனத்துக்குச் சொல்லே வேண்டாம், ‘சுட்டிக்குச் செல்லும் மின்சாரம் குறைக்கப்படும்’ என்று விளக்கிவிட்டால் போதும்.

எஸ்4க்கு ‘ஆழுறக்கம்’ என்று எழுதத்தான் வந்தேன். நல்லவேளையாகக் கொஞ்சம் தேடினேன். லினக்ஸின் மைய நிரலான கெர்னலில் எஸ்3க்கே ‘டீப்’ என்றுதான் பெயர். நாம் எஸ்4ஐ ஆழம் என்றால், நிரலில் எஸ்3 ஆழமாக இருக்கும். பிழை தேடுகிறவன் தலையைப் பிய்த்துக்கொள்வான். பள்ளிப் பாடநூலில் விலங்குகளுக்குச் சொல்லும் ‘குளிர்கால உறக்கம்’ வேண்டுமா?


மதுரையிலிருந்து, வெள்ளி மதியம்

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. குளிர்காலத்துக்கு எங்கே போவது? கும்பகர்ண உறக்கம் என்று வையுங்கள், ஒரே சொல்லில் முடிந்தது.


கோவையிலிருந்து, வெள்ளி இரவு

போதும். எஸ்3க்கு ‘உறக்கம்’. எஸ்4க்கு ‘நீள் உறக்கம்’. எழுவதற்கு ‘விழிப்பு’, வினையாக வந்தால் ‘விழித்தெழு’. சாதனத்துக்கு விளக்க வாக்கியம். இதோடு முழு வரைவையும் இணைத்திருக்கிறேன். மறுப்பவர்கள் நாளைக்குள் மறுக்கலாம். யாழ்ப்பாணத்து அக்கா, முடிந்தால் வகுப்பில் ஒரு பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.


தஞ்சாவூர்ப் புலவர், சில நிமிடங்களில்

நீள் உறக்கம் அன்று, நீளுறக்கம்.


யாழ்ப்பாணத்திலிருந்து, சனி மதியம்

இன்று பின்னேர வகுப்பு இல்லை, காலையில் மட்டும். மூன்று பிள்ளைகளிடம் கொடுத்தேன். உறக்கம், விழிப்பு இரண்டிலும் ஒரு கரைச்சலும் இல்லை. நித்திரையை நான் கைவிடுகிறேன், வகுப்பில் வாயால் சொல்லும்போது தவிர.

ஆனால் இரண்டாவது வரியில் ஒரு பிள்ளை நின்றுவிட்டாள். வரி இது: ‘அமைப்புகள் என்பதைச் சொடுக்கி, பிறகு சுட்டி என்பதைச் சொடுக்கவும்.’ அவள் கேட்டாள், “மிஸ், மவுஸ் வேலை செய்யாட்டி எப்பிடிச் சொடுக்கிறது?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு நானே சிரித்துவிட்டேன். நாங்கள் நான்கு நாளாக இந்தப் பக்கத்தைச் சுற்றிக்கொண்டு இருக்கிறோம்.


கோவையிலிருந்து, சனி மாலை

ஆங்கில மூலத்தைத் திறந்து பார்த்தேன். அதிலும் அப்படியேதான் இருக்கிறது. எழுதியவர் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும் படவில்லை.

பிழையறிக்கை போட்டுவிட்டேன். தமிழில் மட்டும் இப்போதைக்கு மாற்றி எழுதுகிறேன்: முதலில் சுட்டியைக் கழற்றிச் செருகு, ஆகவில்லையா, வேறு துளையில் செருகிப் பார், அதுவும் ஆகவில்லையா, தத்தல் விசையால் நகர்ந்து உள்ளிடு விசையால் தேர்ந்தெடு.


மதுரையிலிருந்து, சனி இரவு

டேப் என்று போடுங்கள். விசையிலேயே அப்படித்தான் அச்சாகி இருக்கிறது. தத்தல் என்று எந்த விசையைத் தேடுவார்கள்?


தஞ்சாவூர்ப் புலவர், சனி இரவு

தவளை தத்தும். அந்த விசையும் கட்டத்திலிருந்து கட்டத்துக்குத் தத்தும். இக்குழு செய்த சொற்களில் எனக்குப் பிடித்தது அது ஒன்றே. அதையும் விட்டுக்கொடுக்கச் சொன்னால் எப்படி?


கோவையிலிருந்து, ஞாயிறு இரவு 11.40

ஏற்றிவிட்டேன். உறக்கம், நீள் உறக்கம், விழிப்பு. ஆதரவு நான்கு. தத்தல் விசை இருக்கிறது, பக்கத்திலேயே ‘டேப்’ என்று எழுதப்பட்ட விசை என்று ஒரு வரியும் இருக்கிறது. இடைவெளி விட்டதற்குப் புலவர் ஐயா மன்னிக்க வேண்டும். சேர்த்து எழுதினால் அந்தச் சின்னப் பெட்டியில் வரி உடையவே மாட்டேன் என்கிறது.


தஞ்சாவூர்ப் புலவர், திங்கள் விடியல்

பெட்டிக்காகப் புணர்ச்சி விதியை மாற்ற முடியாது. என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.


ஸ்ரீரங்கத்திலிருந்து, திங்கள் காலை

நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். பேரன் புது மடிக்கணினி வாங்கியிருக்கிறான். அதில் எஸ்3யே இல்லையாம். மூடி வைத்தாலும் எஸ்0 என்கிற நிலையிலேயே இருந்துகொண்டு, மின்சாரத்தை மட்டும் குறைத்துக்கொண்டு, உள்ளே மின்னஞ்சலைக்கூட வாங்கிக்கொண்டிருக்கும் என்கிறான். புதிய மடிக்கணினிகள் பலவும் இப்படித்தான் வருகின்றனவாம். அதை ‘உறக்கம்’ என்று உங்களால் சொல்ல முடியாது.

நாலாவது சொல் தேவைப்படும்போது சொல்லுங்கள். நான் ஒன்று வைத்திருக்கிறேன்.