பழைய பிக்கப் வண்டியில் புதிதாக மாற்றும் பக்கக் கண்ணாடியை உறுதியாகப் பொருத்துவது: பிட்ஸ்பர்க் சென்ற பள்ளத்தூர்த் தம்பிக்கும் மற்றவர்களுக்கும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துப் பிட்ஸ்பர்க்கில் குடியேறியிருக்கும் பள்ளத்தூர்த் தம்பி, தாம் வாங்கிய பழைய பிக்கப் வண்டியின் பக்கக் கண்ணாடி நெடுஞ்சாலையில் நடுங்குகிறது என்றும், புதிய கண்ணாடி வாங்கி மாட்டிய பின்னும் அந்த நடுக்கம் நிற்கவில்லை என்றும் கேட்டிருந்தார். ஊரில் என்றால் வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டுச் செக்காலை ரோட்டில் ஒரு காப்பி குடித்துவிட்டு வந்துவிடலாம். அங்கே கூலியை மணிக்கணக்கில் வாங்குவார்கள் ஆதலால், இந்த வேலையைத் தாமே செய்யப் பழகுவதுதான் சிக்கனம். அங்கே சில காலம் இருந்துவிட்டுக் காரைக்குடிக்குத் திரும்பியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கண்ணாடியை மாற்றுவதற்கு முன் எது ஆடுகிறது என்று பார்த்துவிட வேண்டும். கண்ணாடியின் தலையைப் பிடித்து ஆட்டாமல், கதவோடு ஒட்டியிருக்கும் அடிப்பகுதியைப் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். அடிப்பகுதி கதவைவிட்டுத் தனியே அசைந்தால் நட்டோ போல்ட்டோ தளர்ந்திருக்கிறது. அடிப்பகுதியோடு சேர்ந்து கதவுத் தகடும் உள்ளே வெளியே போய்வந்தால் தகடு வலுவிழந்திருக்கிறது. இரண்டும் அசையாமல் தலை மட்டும் ஆடினால் உள்ளே இருக்கும் மூட்டு தேய்ந்திருக்கிறது. அந்த ஒரு நிலையில்தான் புதுக் கண்ணாடி வாங்குவதால் முழுப் பயன் உண்டு. தம்பி எழுதியிருப்பதைப் பார்த்தால் அவருடைய வண்டியில் இருப்பது இரண்டாவது குறை என்றே எனக்குத் தோன்றுகிறது.

கதவின் வெளித்தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூடத் தேறாது. அதில் நேரடியாகத் தகடு ஸ்க்ரூவை முறுக்கினால், மரைக்குப் பிடிமானமாகக் கிடைப்பது ஒரு சுற்றோ அதற்கும் குறைவோதான். ஊஞ்சல் சங்கிலியை நாம் உத்திரத்தில் மாட்டுவோமே ஒழியச் சுண்ணாம்புப் பூச்சில் மாட்டமாட்டோம். இங்கும் கண்ணாடியின் பாரத்தையும் காற்றின் தள்ளலையும் தாங்க வேண்டியது தகட்டுக்குப் பின்னால் இருக்கும் பொருள்தான். ஆகவே மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புப் பட்டை ஒன்றைக் கண்ணாடியின் அடிப்பகுதியைவிடச் சற்றே பெரிதாக வெட்டி, அதே துளைகளை அதிலும் இட்டு, கதவின் உட்புறத்தில் வைத்து போல்ட் போட வேண்டும். பாரம் இரண்டு மூன்று புள்ளிகளில் குவியாமல் பட்டை முழுவதும் பரவிவிடும் என்பதால், நடுக்கத்தின் பெரும்பகுதி இதிலேயே அடங்கிவிடும்.

இதற்குக் கதவின் உள் அட்டையைக் கழற்ற வேண்டும். பழைய வண்டிகளில் ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடியின் பின்னால் ஒரு கம்பிக் கிளிப் இருக்கும். கைப்பிடிக்கும் அட்டைக்கும் நடுவே ஒரு துணியைச் செருகி இருபுறமும் மாற்றி மாற்றி இழுத்தால் கிளிப் தெறித்து வெளியே வந்துவிடும். அது எங்கே போய் விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தால் இயங்கும் கண்ணாடியாக இருந்தால் பேட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும். கைப்பிடியைக் கழற்றுவதற்கும் பேட்டரி இணைப்பை எடுப்பதற்கும் முன்பே ஜன்னல் கண்ணாடியை முழுதாக மேலேற்றிவிட்டு, நட் தவறி விழுந்தால் தேடி அலையாதபடி கதவின் உட்குழிவில் ஒரு பழைய துணியைத் திணித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அதை மறவாமல் எடுத்துவிட வேண்டும், இல்லையேல் கதவின் அடியிலுள்ள நீர்வடியும் துளைகள் அடைபட்டு, கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

துருவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பென்சில்வேனியாவில் பனிக்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்புநீர் துளைகளின் விளிம்பில் தங்கித்தான் தகட்டை அரிக்கிறது. எடை குறையும் என்று எண்ணி இரும்புப் பட்டைக்குப் பதிலாக அலுமினியப் பட்டை வைப்பவர்கள் உண்டு. இரண்டு வெவ்வேறு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அதுவே ஒரு சிறு மின்கலமாகி, அலுமினியம் கரையத் தொடங்கும். உலோக அரிப்பை ஆராயும் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953 முதல் நம் காரைக்குடியிலேயே இயங்கிவருகிறது. அந்த ஊர்க்காரர்கள் வண்டியில் அலுமினியப் பட்டையைப் பார்த்தால் எனக்குச் சற்று வருத்தமாகத்தான் இருக்கும். துளையைச் சுற்றியுள்ள துருவை உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, பிரைமரும் பெயின்ட்டும் அடித்து, அவை நன்றாகக் காய்ந்த பிறகே, அடிப்பகுதிக்கும் கதவுக்கும் நடுவே வரும் ரப்பர் கேஸ்கெட்டை வையுங்கள். சிலிக்கான் பூசுவதானால் புளிக்காடி நெடி அடிக்கும் வகை வேண்டாம். அதிலிருந்து வெளிப்படும் அமிலம் வெறும் இரும்பை அரிக்கும். நெடியற்ற நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள்.

பட்டையை உள்ளே நுழைக்க இடமில்லாத கதவுகளில், வெளியிலிருந்தே துளையில் இறுக்கிப் பொருத்தும் ரிவெட் நட் போடலாம். துளையை அதன் பொட்டலத்தில் குறிப்பிட்ட அளவுக்கே இட வேண்டும். துளை பெரிதாகிவிட்டால் முறுக்கும்போது நட்டும் கூடவே சுழலும், பிறகு அதைக் கழற்றுவது பெரும்பாடு. துளையிடும் பிட்டில் ஒரு டேப்பைச் சுற்றி, அந்த அடையாளத்துக்கு மேல் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய அமெரிக்க வண்டிகளில் அங்குல அளவும் மெட்ரிக் அளவும் கலந்தே இருக்கும் என்பதை நம்மூர்க்காரர்கள் எளிதில் நினைப்பதில்லை. கால் அங்குல போல்ட் 6.35 மில்லிமீட்டர், எம்6 போல்ட் 6 மில்லிமீட்டர். கால் அங்குல நட்டுக்குள் எம்6 போல்ட் நுழையத் தொடங்கினாலும் சரியாகப் பிடிக்காது. எனவே பழைய போல்ட்டைக் கடைக்குக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். நைலான் வளையமுள்ள நட் போதுமானது. நட் தளராமல் பிடித்துவைக்கும் மரைப் பசை பூசுவதானால் நீல நிறத்தையே பயன்படுத்துங்கள். சிவப்பைப் பூசினால் பின்னாளில் சூடாக்கித்தான் கழற்ற முடியும். பிளாஸ்டிக் பாகங்களில் எந்தப் பசையும் படக்கூடாது, விரிசல் விடும். எல்லா நட்டுகளையும் சிறிது சிறிதாக, மாற்றி மாற்றி முறுக்குங்கள். ஒன்றை மட்டும் முழுதாக முறுக்கினால் வார்ப்பு அடிப்பகுதி உடைந்துவிடும். சில நாள் ஓட்டியதும் கேஸ்கெட் அமுங்கியிருக்கும், ஆதலால் மறுபடியும் ஒருமுறை முறுக்கிப் பார்க்க வேண்டும்.

வாங்கும் கண்ணாடியின் வகையும் முக்கியம். அமெரிக்க விதிப்படி ஓட்டுநர் பக்கக் கண்ணாடி சமதளமாக இருக்க வேண்டும். மறுபக்கத்தில் மட்டும் வெளிப்புறம் புடைத்த குவிகண்ணாடியை அனுமதிக்கிறார்கள், அதில் பொருள்கள் தெரிவதைவிட அருகில் உள்ளன என்ற எச்சரிக்கை பொறிக்கப்பட்டிருக்கும். ஊரில் இரு பக்கமும் குவிகண்ணாடிக்குப் பழகிய கண்ணுக்கு, இடப்பக்கத்தில் வரும் வண்டி மிக அருகில் இருப்பதுபோலவும் வலப்பக்கத்தில் வருவது தொலைவில் இருப்பதுபோலவும் தோன்றும். பென்சில்வேனியாவில் ஆண்டுதோறும் நடக்கும் வண்டிச் சோதனையில் கண்ணாடிகளையும் பார்ப்பார்கள் என்பதால், மலிவு என்று கருதி இரு பக்கமும் குவிகண்ணாடி வாங்கிவிடாதீர்கள்.

பொருத்திய பின் திசை சரிசெய்வதற்கு, தலையை இடப்பக்க ஜன்னலில் சாய்த்து, வண்டியின் பக்கவாட்டு விளிம்பு மட்டும் சற்றே தெரியும்வரை இடக் கண்ணாடியை வெளியே திருப்புங்கள். பிறகு வண்டியின் நடுப்பகுதிக்குச் சாய்ந்து வலக் கண்ணாடியையும் அவ்வாறே வையுங்கள்.

மெல்போர்னில் இருக்கும் தேவகோட்டைத் தங்கை, தம் வண்டிக்கு அமெரிக்காவிலிருந்து கண்ணாடி வரவழைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். வரவழைக்கலாம், ஆனால் விற்பனைப் பக்கத்தில் ஓட்டுநர் பக்கம் என்று போட்டிருப்பதை நம்பக்கூடாது, ஏனெனில் அமெரிக்காவில் ஓட்டுநர் இடப்பக்கம் அமர்கிறார், ஆஸ்திரேலியாவில் நம் ஊரைப் போலவே வலப்பக்கம். இருக்கையில் அமர்ந்து முன்னோக்கிப் பார்க்கும்போது இடமா வலமா என்பதைக் குறிப்பிட்டு ஆர்டர் கொடுங்கள். பணம் செலுத்துவதற்கு முன் அடிப்பகுதியின் படத்தை அனுப்பச் சொல்லி, துளைகளின் இடைவெளியைக் கதவில் அளந்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.