நிலுவைத் தொகை கேட்டு எழுதிய மூன்று மின்னஞ்சல்களுக்கும் பதில் இல்லை: கடிதத்தில் என்ன பிழை?

கேட்டவர்: அட்டைப்பெட்டித் தொழில், திருப்பூர்

அனைவருக்கும் வணக்கம். பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கும் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். ஜூன் 14 அன்று ஒரு நிறுவனத்திற்கு 2,400 பெட்டிகள் அனுப்பினோம். பில் தொகை ரூ. 1,84,800. முப்பது நாள் தவணை என்று பேசியிருந்தோம். இப்போது செப்டம்பர் மூன்றாம் வாரம் ஆகியும் பணம் வரவில்லை. நல்ல வாடிக்கையாளர் என்பதால் உறவு கெடக்கூடாது, அதே சமயம் பணமும் வர வேண்டும். நான் கடைசியாக அனுப்பிய மின்னஞ்சலைக் கீழே அப்படியே தருகிறேன். எதை மாற்ற வேண்டும் என்று சொல்லுங்கள்.

> பொருள்: நினைவூட்டல்
>
> மதிப்பிற்குரிய ஐயா, தங்களின் மேலான கவனத்திற்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், எங்களால் அனுப்பப்பட்ட பெட்டிகளுக்கான தொகை நீண்ட நாட்களாக நிலுவையில் உள்ளது. பலமுறை தொலைபேசியில் சொல்லியும் தாங்கள் கண்டுகொள்ளவில்லை. சிறுதொழில் செய்யும் எங்களுக்கு இது பெரும் சிரமமாக உள்ளது. எனவே விரைவில் ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற கணக்கர்

ஐயா, உங்கள் கடிதம் வந்து சேரும் மேசையின் மறுபக்கத்தில் நான் இருபத்தெட்டு ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே அங்கே என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறேன். "நினைவூட்டல்" என்ற தலைப்பில் ஒரு நாளைக்குப் பத்து மின்னஞ்சல்களாவது வரும். திறந்து பார்ப்பவர் முதலில் தேடுவது பில் எண்ணைத்தான். உங்கள் கடிதத்தில் பில் எண் இல்லை, தேதி இல்லை, தொகை இல்லை, ஆர்டர் எண்ணும் இல்லை. அவற்றைப் பேரேட்டில் தேடி எடுக்கும் வேலையை அவர் தலையில் கட்டிவிட்டு, "தாழ்மையுடன்" என்று எழுதுவதால் கடிதம் மரியாதையாகிவிடாது. படிப்பவருக்கு வேலையைக் குறைத்துக் கொடுப்பதுதான் வணிகக் கடிதத்தில் மரியாதை.

இன்னொன்று, "ஆவன செய்யுமாறு" என்பது திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவின் மொழி. நீங்கள் மனுதாரர் அல்லர், சரக்கு கொடுத்தவர். அந்த மனுமொழிக்கு நடுவிலேயே "கண்டுகொள்ளவில்லை" என்று குற்றமும் சாட்டியிருக்கிறீர்கள். உங்கள் தொலைபேசியை எடுத்தவர் கொள்முதல் பிரிவில் ஒருவராகவும், மின்னஞ்சலைப் படிப்பவர் கணக்குப் பிரிவில் வேறொருவராகவும் இருப்பார்கள். தனக்குத் தெரியாத தவறுக்குத் திட்டு வாங்கியவர் பதில் எழுதத் தயங்குவது இயல்புதான்.

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

> பொருள்: பில் எண் 214, 12.06, ரூ. 1,84,800: தொகை செலுத்தும் தேதி வேண்டி
>
> வணக்கம். தங்கள் ஆர்டர் எண் 1178-இன்படி 14.06 அன்று 2,400 அட்டைப்பெட்டிகளை ஒப்படைத்தோம். முப்பது நாள் தவணை 14.07 அன்று முடிந்தது. தொகை இதுவரை எங்கள் கணக்கில் வரவாகவில்லை. பில்லும் டெலிவரி சலானும் இணைப்பில் உள்ளன. வங்கிக் கணக்கு பில்லில் உள்ளதேதான், மாற்றம் இல்லை.
>
> ஏதேனும் குறை காரணமாக பில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தால் தெரிவியுங்கள், உடனே சரிசெய்து தருகிறோம். இல்லையெனில், எந்தத் தேதியில் தொகை கிடைக்கும் என்பதை 26.09-க்குள் தெரிவிக்க வேண்டுகிறோம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் யூடிஆர் எண் (வங்கிப் பரிமாற்ற எண்) மட்டும் போதும்.

எண்களை உங்கள் ஆவணங்களைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கைப் பற்றிய வரியை நீக்கிவிடாதீர்கள். "கணக்கு மாறிவிட்டது, புதிய கணக்கிற்கு அனுப்புங்கள்" என்று வரும் போலி மின்னஞ்சல்களால் பணத்தை இழந்தவர்கள் உண்டு என்பதால், கணக்கர்கள் இந்த விஷயத்தில் மிகவும் எச்சரிக்கையாக இருப்பார்கள்.

பதில்: வரி ஆலோசகர்

மேலே உள்ள வரைவு நன்றாக இருக்கிறது. ஆனால் சட்டத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாதது குறை என்று நினைக்கிறேன். நீங்கள் உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பெற்ற குறு அல்லது சிறு நிறுவனம் என்றால், 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இடி சட்டப்படி (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம்), எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை செல்லாது. தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் (பேங்க் ரேட்) போல மூன்று மடங்கு வட்டியை, மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கேட்கலாம். சரக்கு பெற்ற 15 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை என்றால், ஒப்படைத்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகப் பொருள். அதன்படி உங்கள் 45 நாள் ஜூலை 29 அன்றே முடிந்துவிட்டது. வட்டியையும் சேர்த்துக் கேளுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற கணக்கர்

சட்டம் சரிதான், ஆனால் வேளை சரியில்லை. தெளிவாக எழுதப்படும் முதல் கடிதத்திலேயே வட்டி என்ற சொல் வந்தால், அது கணக்குப் பிரிவிலிருந்து நேரே வழக்கறிஞரின் மேசைக்குப் போய்விடும். பிறகு அங்கிருந்து வருவது பணமாக இராது, பதில் நோட்டீஸாகத்தான் இருக்கும். கையெழுத்திற்குக் கீழே உத்யம் பதிவு எண்ணை மட்டும் போடுங்கள். விவரம் தெரிந்தவருக்கு அதுவே போதும்.

பதில்: அச்சகம் நடத்துபவர், சிவகாசி

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என் அனுபவத்தில் பயமுறுத்துவதைவிட, பணம் கொடுப்பதால் அவர்களுக்கு என்ன நன்மை என்று சொல்வது வேலை செய்கிறது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், அவர்கள் எடுத்த ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி வரவை (வாங்கிய சரக்கின் வரியைத் தாங்கள் கட்டும் வரியில் கழித்துக்கொள்வது) திருப்பிச் செலுத்த வேண்டியிருக்கும். இதை இரண்டாவது கடிதத்தில், "தங்கள் வரி வரவு பாதிக்கப்படாமல் இருக்க" என்று தொடங்கும் ஒரே வாக்கியமாக எழுதுவேன். கடிதத்தைக் கணக்குப் பிரிவின் முகவரிக்கு அனுப்பி, ஆர்டர் கொடுத்த கொள்முதல் மேலாளருக்கு நகல் வையுங்கள். முதலாளிக்கு எடுத்த எடுப்பில் நகல் வைக்காதீர்கள், அது புகார் சொன்னதாகிவிடும்.

தமிழிலா ஆங்கிலத்திலா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பலர் கேட்பதால் சொல்கிறேன்: அவர்களுடைய ஆர்டர் எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியில் எழுதுங்கள்.

கேட்டவர்: அட்டைப்பெட்டித் தொழில், திருப்பூர்

அனைவருக்கும் நன்றி. உங்கள் வரைவை எண்களை மட்டும் திருத்தி, உத்யம் எண்ணுடன் அனுப்பினேன். மறுநாள் பதினொரு மணிக்கே பதில் வந்துவிட்டது. அவர்களுடைய கேட் பதிவில் 2,360 பெட்டிகள்தான் ஏறியிருக்கின்றன. 40 பெட்டி குறைவதால் ஜிஆர்என் (சரக்கு பெற்றதற்கான பதிவுச் சீட்டு) போடாமல் பில்லை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மூன்று மாதமாக இதை யாருமே எனக்குச் சொல்லவில்லை. என் ஓட்டுநரிடம் கேட்டால், கடைசிக் கட்டு வண்டியில் இடமில்லாமல் பட்டறையிலேயே இறங்கிவிட்டது என்கிறார். தவறு எங்களுடையதுதான்.

15 நாளுக்குள் அவர்கள் ஆட்சேபம் எழுதவில்லை என்பதைச் சுட்டிக்காட்டி முழுத் தொகையையும் கேட்கலாமா, அல்லது விட்டுக்கொடுக்க வேண்டுமா? பதில் கடிதத்தை எப்படி எழுதுவது?

பதில்: வரி ஆலோசகர்

கேட்காதீர்கள். வந்து சேராத பெட்டிக்கு எந்தச் சட்டத்தைக் காட்டியும் பணம் கேட்பது முறையன்று. 40 பெட்டிக்கான ரூ. 3,080-க்குக் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துக் கொடுக்கும் சீட்டு) போட்டு, இந்த மாத ஜிஎஸ்டி விவரத்தாளிலேயே காட்டிவிடுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற கணக்கர்

கடிதம் மூன்று வரி போதும், ஓட்டுநர் கதை வேண்டாம். "40 பெட்டிகள் குறைவாக வந்தது எங்கள் தவறு, வருந்துகிறோம். ரூ. 3,080-க்கான கிரெடிட் நோட் இணைப்பில் உள்ளது. மீதமுள்ள ரூ. 1,81,720 எந்தத் தேதியில் கிடைக்கும் என்று தெரிவிக்க வேண்டுகிறோம்." புதிதாகத் தொடங்காமல், அவர்கள் அனுப்பிய பதிலுக்கு மறுமொழியாகவே இதை அனுப்புங்கள்.

கேட்டவர்: அட்டைப்பெட்டித் தொழில், திருப்பூர்

அனுப்பிவிட்டேன். அடுத்த வியாழக்கிழமை பணம் கிடைக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். கூடவே, 40 பெட்டிகளை இப்போதாவது அனுப்ப முடியுமா என்றும் கேட்டிருக்கிறார்கள்.