பாடநூலோடு முதன்மைச் சான்றையும் வைத்துச் சமூக அறிவியல் நடத்துவது எப்படி? வேலூர் பக்கத்துச் சான்றுகள் வேண்டும்

காட்பாடி_சமூகஅறிவியல்:

அனைவருக்கும் வணக்கம். அரசு உயர்நிலைப்பள்ளி, தமிழ்வழி. பத்தாம் வகுப்பில் 42 பேர், ஏழாம் வகுப்பில் 38 பேர். 1806-இல் வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த வேலூர் புரட்சிப் பாடத்தைப் பாடநூலை மட்டும் வாசித்து முடித்துவிடாமல், அந்தக் காலத்து ஆவணம் ஒன்றைப் பிள்ளைகள் கையில் கொடுத்து நடத்த விருப்பம். கிடைப்பதெல்லாம் பழைய ஆங்கிலத்தில் இருக்கிறது. பாடவேளை 40 நிமிடம். பொதுத்தேர்வு வகுப்பு என்பதால் இதற்கு இரண்டு பாடவேளைக்கு மேல் ஒதுக்க முடியாது.

எந்த ஆவணம், எவ்வளவு நீளம், பாடநூலுக்கு முன்பா பின்பா? ஏழாம் வகுப்பு விஜயநகரப் பாடத்துக்கு நம்ம மாவட்டத்திலேயே ஏதாவது உண்டா? செய்து பார்த்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

கோட்டைமதில்:

சார், நீளமான ஆவணத்தைத் தேடவே தேடாதீர்கள். இந்தப் பாடத்துக்கு மூன்றே வாக்கியத்தில் ஒரு சான்று இருக்கிறது: ஆங்கிலேயக் கம்பெனியின் சென்னைப் படைக்கான நிலையாணைகளில் (நிரந்தர உத்தரவுகளில்) பதினோராம் பிரிவு, பத்தாம் பத்தி. வில்சன் எழுதிய சென்னைப் படை வரலாறு போன்ற பழைய நூல்களில் அப்படியே எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். எளிய தமிழில் அதன் சாரம்:

அணிவகுப்பிலும் எல்லாப் பணிகளிலும் சிப்பாய்கள் தாடையை மழித்திருக்க வேண்டும். மேலுதட்டு மீசையின் அளவும் வடிவமும் முடிந்தவரை எல்லோருக்கும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். சீருடையில் இருக்கும்போது சாதியைக் காட்டும் குறியை முகத்தில் இடக்கூடாது, காதணி அணியக்கூடாது.

இதை அரைத்தாளில் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். ஒரு ஏ4 தாளுக்கு இரண்டு படி வரும். ஐந்தைந்து பேராகப் பிரித்தால் எட்டுக் குழு, மீதி இருவரை ஏதாவது இரண்டு குழுவில் சேர்த்துவிடலாம். குழுவுக்கு இரண்டு படி கொடுங்கள். ஒரே படி கொடுத்தால் ஒருவர் வாசிப்பார், நான்கு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். ஆளுக்கு ஒன்று கொடுத்தால் பேச்சே நடக்காது.

முதல் 5 நிமிடம் சத்தமாக ஒரு முறை வாசியுங்கள். விளக்கம் சொல்லவே கூடாது. அடுத்த 12 நிமிடம் மூன்று கேள்விகள்: இதை எழுதியவர் யார் பக்கம்? யார் படிப்பதற்காக எழுதினார்? இதில் எந்தச் சொல் ஒரு சிப்பாயைக் கோபப்படுத்தும்? விடையோடு, எந்தச் சொல்லை வைத்து அப்படிச் சொல்கிறோம் என்று ஆவணத்தில் அடிக்கோடு போட வேண்டும். அடிக்கோடு இல்லாத விடை செல்லாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாவிட்டால் பாடநூலைத் திறந்து "சமய உணர்வு புண்பட்டது" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

அடுத்த 15 நிமிடம் பாடநூலைத் திறந்து, புரட்சிக்கான காரணங்கள் உள்ள பத்தியை ஆவணத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். இரண்டிலும் இருப்பது, பாடநூலில் மட்டும் இருப்பது, ஆவணத்தில் மட்டும் இருப்பது என மூன்று கட்டம். பாடம் உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. தலைப்பாகை ஆவணத்தில் இல்லை என்பதைப் பிள்ளைகளே பிடித்துவிடுவார்கள். ஐரோப்பியத் தொப்பி போன்ற தோற்றமும் தோல் பட்டையும் கொண்ட அந்தப் புதிய தலைப்பாகை, 1805 நவம்பரில் தனியாக வந்த உத்தரவு. பாடநூலில் தலைப்பாகை, குறி, காதணி எல்லாம் அடுத்தடுத்து வருவதால் ஒரே ஆணை என்று மனதில் பதிந்துவிடும். இரண்டு உத்தரவுகளை ஒரே பத்தியில் சுருக்கியிருக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வரும்போது, பாடநூல் எப்படி எழுதப்படுகிறது என்பதும் சேர்ந்தே புரிகிறது.

இன்னொன்று, மூலத்தில் இருப்பது சாதிக்குறி என்ற சொல். உங்கள் கையில் உள்ள பதிப்பில் சாதிக்குறி என்று இருக்கிறதா, சமயக்குறி என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சொல் மாறினால் காரணமும் கொஞ்சம் நகர்கிறது.

கடைசி 8 நிமிடத்தைக் கட்டாயம் மிச்சம் வையுங்கள். குழுவுக்கு ஒரு வாக்கியம், கரும்பலகையில். அதை அடுத்த நாளைக்குத் தள்ளினால் சூடு ஆறிவிடும்.

பாலாற்றங்கரை:

கோட்டைமதில் சார் சொன்ன முறை நல்லது. ஆனால் ஆவணம் முதலில் என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு திப்புவின் குடும்பத்தை வேலூர்க் கோட்டையில் வைத்திருந்தார்கள் என்பது தெரியாத பிள்ளைக்கு, மீசை பற்றிய உத்தரவு வேடிக்கையாகத்தான் தெரியும். சிரிப்பு வந்துவிட்டால் அந்தப் பாடவேளை போயிற்று. அதனால் முந்தின நாள் பாடநூலில் பின்னணி மட்டும். 1806 ஜூலை 10 அன்று நடந்ததைத் தொட வேண்டாம். மறுநாள் ஆவணம். அதன் பிறகு மிச்சப் பாடம்.

இரண்டாவது பாடவேளைக்கு, யார் குரல் கேட்கிறது என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டைத் தளபதி பான்கோர்ட் அன்று கொல்லப்பட்டார். அவர் மனைவி, பிள்ளைகளோடு உயிர் தப்பியதைப் பற்றி இரண்டு வாரத்துக்குள் எழுதிய குறிப்பு கிடைக்கிறது. நேரில் கண்டவர், உடனே எழுதியவர். அந்த வகையில் வலுவான சான்று. ஆனால் அவர் பதுங்கியிருந்த இடத்திலிருந்து கண்டதும் கேட்டதும் மட்டுமே அதில் இருக்கும். சிப்பாய்கள் பக்கத்தில் அப்படித் தன் கையால் எழுதிய குறிப்பு நம் வகுப்புக்கு எட்டும்படி ஒன்றும் இல்லை. விசாரணையில் கேட்டு, மொழிபெயர்த்து, ஆங்கிலத்தில் பதிவு செய்த வாக்குமூலங்கள்தான். தண்டனைக்குப் பயந்து நிற்பவர் என்ன சொல்வார், என்ன சொல்லாமல் விடுவார் என்று கேளுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதற்கு மிக நன்றாகப் பதில் சொல்வார்கள்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு, முதன்மைச் சான்று என்றாலே உண்மை, பாடநூல் என்றாலே பொய் என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுவது. அதை உடைக்க எண்ணிக்கையை எடுங்கள். இறந்த சிப்பாய்கள் சுமார் 350 என்று ஒரு கணக்கு, 800 என்று இன்னொரு கணக்கு. எது சரி என்று கேட்காதீர்கள். எண்ணியவர் யார், எப்போது எண்ணினார், கோட்டைக்குள் கிடந்தவர்களை மட்டுமா, தப்பி ஓடிப் பிடிபட்டவர்களையும் சேர்த்தா என்று கேளுங்கள்.

காரணத்திலும் இதே கதைதான். படைத் தலைமைக்குத் திப்பு மகன்களின் சதி என்று சொல்வது வசதி. ஏனென்றால் உடை உத்தரவு படைத் தலைமையே போட்டது. விசாரணைக் குழு உடை மாற்றத்தையும் திப்பு குடும்பம் அங்கே இருந்ததையும் இரண்டு காரணங்களாகச் சொன்னது. பிறகு சென்னைப் படையின் தலைமைத் தளபதி கிரடாக், சென்னை ஆளுநர் பெண்டிங்க் இருவரையுமே லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. திப்பு குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. ஐந்து மதிப்பெண் விடைக்கு இந்த வரிசையே போதும். ஆகவே தேர்வுக்கு நேரம் வீணாகிறது என்ற கவலை வேண்டாம்.

கல்லெழுத்து:

ஏழாம் வகுப்புக்கு விரிஞ்சிபுரம். மார்க்கபந்தீசுவரர் கோயிலில் உள்ள விஜயநகரக் காலக் கல்வெட்டு, தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்புமாக அச்சாகியிருக்கிறது. தொகுதி 1890-இல் வந்தது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். சகம் 1347, இரண்டாம் தேவராயர் காலம். ஆண்டைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்: சக ஆண்டோடு 78 கூட்டினால் 1425.

செய்தி இதுதான். படைவீட்டு இராச்சியம் என்ற பகுதியின் பிராமணர்களில் கன்னடிகர், தமிழர், தெலுங்கர், இலாளர் என எல்லாப் பிரிவினரும் கூடி ஓர் உடன்படிக்கை செய்கிறார்கள். இனித் திருமணம் கன்னிகாதானமாகவே, அதாவது பொன் வாங்காமல் பெண்ணைத் தானமாகக் கொடுப்பதாகவே நடக்க வேண்டும். பொன் வாங்கிப் பெண் கொடுத்தவரும், பொன் கொடுத்து மணந்தவரும் அரச தண்டனைக்கு ஆளாவார்கள், குலத்துக்கும் புறம்பாவார்கள்.

இதை வகுப்பில் வைக்கும்போது இரண்டு இடத்தில் தடுக்கி விழுவார்கள். முதலாவது, "அந்தக் காலத்திலேயே வரதட்சணையை ஒழித்துவிட்டார்கள்" என்று உற்சாகமாக எழுதுவார்கள். இது வரதட்சணை இல்லை. இங்கே பொன் போவது மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்கு. கரும்பலகையில் இரண்டு வீடு வரைந்து, பொன் எந்தப் பக்கம் போகிறது என்று அம்புக்குறி போடச் சொல்லுங்கள். சொல்லி விளக்குவதைவிட அம்புக்குறி உடனே வேலை செய்யும். இரண்டாவது, "விஜயநகரக் காலத்தில் மக்கள் இப்படி வாழ்ந்தார்கள்" என்று பொதுவாக்கிவிடுவார்கள். இது ஒரு பகுதியில், ஒரு சமூகத்தார் தங்களுக்குள் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. அதிலும், ஒன்றைத் தடை செய்கிறார்கள் என்றால் அது நடந்துகொண்டிருந்தது என்று பொருள். இந்தக் கடைசிப் புள்ளியை நீங்கள் சொல்லாதீர்கள். "நடக்காத ஒன்றுக்கு ஏன் தண்டனை எழுத வேண்டும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

மூலத்தை முழுவதும் கொடுக்க வேண்டாம். கிரந்த எழுத்தும் சமஸ்கிருதச் சொற்களும் கலந்திருக்கும். ஆறு அல்லது ஏழு வரி, எட்டுக் கடினச் சொற்களுக்கு அடியில் பொருள், அவ்வளவுதான்.

நேரில் அழைத்துப் போனால் கல்வெட்டின் மேல் சுண்ணக்கட்டி, மாவு, எண்ணெய் எதையும் தடவ விடாதீர்கள். எழுத்து நன்றாகத் தெரியும் என்று செய்வார்கள். சுண்ணாம்பு துளைகளில் தங்கிக் கல்லைக் கெடுக்கும். எண்ணெயில் தூசி படிந்து எழுத்தே அடைத்துப்போகும். காலை எட்டு மணிக்குள் அல்லது மாலையில் வெயில் சாய்வாக விழும்போது படம் எடுத்தால் போதும். நிழலான மண்டபத்தில் டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால் குழிகளில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். நேரே அடித்தால் ஒன்றும் தெரியாது. காகிதம் ஒற்றி மை தடவிப் படியெடுப்பது தொல்லியல் துறையின் வேலை, அனுமதி இல்லாமல் கூடாது.

வெளியே போக முடியாவிட்டால் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகமே போதும், நடுகற்கள் இருக்கின்றன. செங்கம் பக்கத்து எடுத்தனூர் நடுகல்லின் படத்தையும் சேர்த்துக் காட்டுங்கள். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு, கருந்தேவக்கத்தி என்ற வீரன், பக்கத்திலேயே கள்ளனைக் கடித்துக் காத்து நின்ற நாய். நாய்க்கும் கல்லில் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்றதும் வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

காட்பாடி_சமூகஅறிவியல்:

மூவருக்கும் மிக்க நன்றி. பின்னணி முதல் நாள், ஆவணம் இரண்டாம் நாள் என்றே வைத்துக்கொள்கிறேன். இரண்டு சந்தேகம். வட ஆற்காடு மாவட்டக் கையேட்டிலிருந்து மக்கள்தொகை எடுத்து, இன்றைய வேலூரோடு ஒப்பிடும் செயல்திட்டம் கொடுக்கலாமா? இதற்கெல்லாம் மதிப்பெண் எப்படிப் போடுவது?

தாலுகா_எல்லை:

அப்படியே ஒப்பிட்டால் கணக்கு முழுக்கத் தப்பாகும். காக்ஸ் 1881-இல் எழுதி, பிறகு ஸ்டூவர்ட் திருத்திய கையேட்டில் வட ஆற்காடு என்றால் சித்தூர், சந்திரகிரி எல்லாம் சேர்ந்தது. தலைநகரமே சித்தூர்தான். 1911-இல் சித்தூர் மாவட்டம் பிரிந்தது. அதே சமயத்தில்தான் சேலத்தில் இருந்த திருப்பத்தூர் இங்கே வந்தது. 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. பெயர் தொடர்கிறதே தவிர நிலம் வேறு.

மாவட்டத்தை விட்டுவிட்டு ஊரை எடுங்கள். வேலூர், குடியாத்தம் போன்ற நகரங்களின் எண்ணிக்கை தனியாகக் கிடைக்கும். அப்போதும் நகர எல்லை விரிந்திருக்கும் என்று ஒரு வரி எழுத வையுங்கள். இல்லாவிட்டால் செயல்திட்டத்தையே எல்லை மாற்றம் பற்றியதாக மாற்றிவிடலாம். ஒளி ஊடுருவும் தாளில் (டிரேசிங் பேப்பர்) நான்கு வரைபடம் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் போதும், பிள்ளைகளுக்கு அதுவே பெரிய விஷயம்.

குடிமையியலுக்கும் ஒன்று சொல்கிறேன். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு கெட்டது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் கொடுத்த தீர்ப்பு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு. மாசுபடுத்தியவரே இழப்பைக் கட்ட வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் தெளிவாகச் சொன்னார்கள். சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போனது என்ற கணக்கும் உள்ளே இருக்கிறது. நீளமான ஆங்கிலத் தீர்ப்பு என்பதால் மூன்று பத்தி மட்டும் தமிழாக்கிக் கொடுங்கள்: குறை என்ன, தொழிற்சாலைகளின் பதில் என்ன, உத்தரவு என்ன. நடுப்பத்தியை விட்டுவிடாதீர்கள். ஆம்பூர், வாணியம்பாடியில் சொந்தக்காரர்கள் தோல் வேலையில் இருக்கும் பிள்ளைகளும் உங்கள் வகுப்பில் இருப்பார்கள்.

வீட்டிலிருந்து பத்திரம், பட்டா, பழைய ரேஷன் அட்டை கொண்டுவரச் சொல்பவர்கள் உண்டு. மூலத்தைக் கொண்டுவர விடாதீர்கள், தொலைந்தால் பெரிய வம்பு. படி எடுத்து, பெயரையும் சர்வே எண்ணையும் தாள் ஒட்டி மறைத்த பிறகே வகுப்பில் சுற்றுக்கு விட வேண்டும்.

கோட்டைமதில்:

மதிப்பெண் பற்றி. ஏழாம் வகுப்பில் வளரறி மதிப்பீடு அ-வில் ஒரு செயல்பாடாக 10 மதிப்பெண்ணுக்கு வைக்கலாம். அழகாகச் சார்ட் ஒட்டியதற்கு மதிப்பெண் போகாதபடி பிரியுங்கள்: ஆவணத்தின் காலம், எழுதியவர், யாருக்காக என்பதற்கு 3, சொன்ன கருத்துக்கு ஆவணத்திலிருந்தே சொல் எடுத்துக் காட்டியதற்கு 4, பாடநூலோடு ஒரு வேறுபாடு கண்டதற்கு 2, இந்த ஆவணத்தால் தெரிந்துகொள்ள முடியாதது ஒன்றை எழுதியதற்கு 1. அந்தக் கடைசி ஒரு மதிப்பெண்ணைத்தான் முதல் தடவை பெரும்பாலும் எல்லோரும் விடுவார்கள். இரண்டாம் தடவை முதலில் அதைத்தான் எழுதிவிட்டு வருவார்கள்.

பத்தாம் வகுப்புக்குத் தனி மதிப்பெண் வேண்டாம். மூன்று கட்ட அட்டவணையைப் பாடக் குறிப்பேட்டில் புரட்சிப் பாடத்துக்கு எதிர்ப்பக்கத்திலேயே ஒட்டச் சொல்லுங்கள். திருப்புதல் தேர்வு நேரத்தில் தேடாமல் கண்ணில் படும்.