அறிவுத்திறன் 27லேயே இறங்குகிறதா, 60க்கு மேலா? ஒரே ஆளின் இரண்டு படங்கள்

மீனலோசனி:
எனக்கு 46 வயது. அஞ்சல்வழியில் எம்.எஸ்சி. உளவியல் படிக்கிறேன். வாழ்நாள் வளர்ச்சிப் பாடத்தில், முதுமையில் அறிவுத்திறன் பற்றி அடுத்தடுத்து இரண்டு வரைபடங்கள். ஒன்றில் 30ஐத் தாண்டியதுமே கோடு சரிகிறது. இன்னொன்றில் 60 வரை கிட்டத்தட்ட நேராகப் போகிறது. இரண்டுமே சியாட்டில் நெடுங்கால ஆய்வு, வார்னர் ஷாயி என்றுதான் போட்டிருக்கிறது! போதாக்குறைக்கு என் மகன் 2009ல் வந்த ஒரு செய்தியைத் தேடி எடுத்து, "27லயே மூளை இறங்க ஆரம்பிச்சிடுமாம், இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா பரீட்சை" என்று சிரிக்கிறான். எதை நம்புவது?

நெல்லை வாத்தியார்:
இரண்டும் ஒரே ஆளுடையதுதான் மேடம், கதையே அதுதான். ஷாயி 1956ல் முனைவர் பட்ட ஆய்வுக்காக, சியாட்டிலில் ஒரு மருத்துவத் திட்டத்தின் உறுப்பினர்களில் 20 முதல் 70 வயது வரை 500 பேரைச் சோதித்தார். எல்லா வயதினரையும் ஒரே சமயத்தில் நிறுத்தி ஒப்பிடும் குறுக்குவெட்டு ஆய்வு. வயது ஏற ஏற மதிப்பெண் இறங்கியது. 1963ல் அதே ஆட்களில் கிடைத்தவர்களைத் திரும்பச் சோதித்தால், 60 வயதுக்குக் கீழே பெரும்பாலான திறன்களில் பெரிய இறக்கம் இல்லை.

ஏன்? 1956ல் 70 வயதானவர் பிறந்தது 1886 வாக்கில். 20 வயதுக்காரர் பிறந்தது 1936 வாக்கில். ஒருவருக்குக் கிடைத்த பள்ளிப்படிப்பு வேறு, சாப்பாடு வேறு, மருத்துவம் வேறு. வயதை அளப்பதாக நினைத்துப் பிறந்த ஆண்டையும் சேர்த்து அளந்துவிட்டார்கள். உங்கள் மகன் காட்டும் செய்தியும் அந்த ரகம்தான்.

கணக்குப்பிள்ளை:
வாத்தியார் பாதிக் கதையோடு நிறுத்திவிட்டார். ஆட்களைத் தொடர்ந்து போகும் ஆய்வில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

முதலாவது, திரும்பி வருபவர்கள் யார்? எங்கள் பூங்காவில் காலையில் நடக்கிற கூட்டத்தை 20 வருஷம் கழித்துப் போய்ப் பாருங்கள். வந்திருப்பவர்கள் எல்லாரும் திடகாத்திரமாகத்தான் இருப்பார்கள். முட்டி போனவரும் உலகத்தை விட்டே போனவரும் கணக்கில் வர மாட்டார்கள். இரண்டாவது, பழக்கம். ஒரே மாதிரி வினாத்தாளை மறுமுறை எழுதினால் யாருக்கும் கொஞ்சம் கூடத்தான் வரும். உண்மையான இறக்கத்தை அந்தக் கூடுதல் மறைத்துவிடும்.

வர்ஜீனியாவில் உளவியலாளர் டிமதி சால்ட்ஹவுஸ் இதைத்தான் சொன்னார். 18 முதல் 60 வயதுவரை சுமார் 2,000 பேர். வேகம், புதிர் தீர்ப்பது, நினைவு ஆகியவற்றில் இறக்கம் இருபதுகளிலேயே தொடங்குகிறது. பத்திரிகைகள் பிடித்துக்கொண்ட 27 இங்கிருந்துதான் வந்தது. அதே கட்டுரையில் சொல்வளமும் பொது அறிவும் 60 வரை ஏறிக்கொண்டே போனதை ஏனோ யாரும் தலைப்பில் போடவில்லை.

வாத்தியாருக்கு ஒரு கேள்வி. முதியவர்களின் மதிப்பெண் குறைவதற்குக் குறைந்த படிப்புதான் காரணம் என்றால், சொல்வளத்தில்தானே அவர்கள் முதலில் அடி வாங்கியிருக்க வேண்டும்? அதில் மட்டும் எப்படி இளையவர்களை முந்துகிறார்கள்? அப்புறம், கூண்டில் ஒரே மாதிரி வளர்க்கப்படும் விலங்குகளிலும் வயதோடு நினைவு மங்குகிறது. எந்த எலிக்கும் 1886ல் பள்ளிக்கூடம் கிடைக்காமல் போகவில்லை.

நெல்லை வாத்தியார்:
எலி நல்ல அடி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஷாயி இந்த ஓட்டைகளைக் கவனிக்காதவர் இல்லை தம்பி. பழையவர்களை 7 ஆண்டுக்கு ஒருமுறை அழைத்ததோடு, ஒவ்வொரு முறையும் அதே மருத்துவத் திட்டத்திலிருந்து புதியவர்களையும் எடுத்தார். அதே பிறப்பு ஆண்டு, ஆனால் வினாத்தாளை முதன்முதலாகப் பார்ப்பவர்கள். பழக்கம் எவ்வளவு, இடையில் விலகியவர்களால் வந்த மாற்றம் எவ்வளவு என்று பார்க்கத்தானே அந்த ஏற்பாடு?

ஸ்வீடனில் ஊமியோ நகரத்தில் வயதோடு நினைவு எப்படி மாறுகிறது என்று பார்த்த பெட்டுலா ஆய்வையும் பாருங்கள். 2005ல் வெளியான கட்டுரையில் பழக்கத்தால் கூடியதைக் கழித்துவிட்டே கணக்குப் போட்டார்கள். அப்படியும் நிகழ்வு நினைவு, அதாவது நமக்கு நடந்தவற்றை நினைவில் வைத்திருக்கும் திறன், சராசரியாக 60 வரை நிலையாகத்தான் இருந்தது. வேகம் முன்பே குறைகிறது என்பதை ஷாயியே மறுக்கவில்லை.

ராத்திரி ஷிஃப்ட்:
சண்டைக்கு நடுவே ஒரு நினைவூட்டல். 1974ல் உளவியலாளர் பால்டஸும் ஷாயியும் 'முதுமையில் அறிவு சரிகிறது என்பது கட்டுக்கதை' என்கிற தொனியில் எழுத, 1976ல் ஹார்ன், டொனால்ட்சன் என்ற இரு உளவியலாளர்கள் பதிலுக்குப் பாய்ந்தார்கள். நீங்கள் இருவரும் ஏறக்குறைய 50 வருஷ மறுஒளிபரப்பு.

கணக்குப்பிள்ளை:
மறுஒளிபரப்பு என்றாலும் முடிவு தெரியாத படம். பெட்டுலாவை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் நினைவு விஷயத்தில் மட்டும். வயது மாற்றத்தை விளக்க ஷாயி 1965ல் முன்வைத்த கோட்பாட்டு மாதிரியில் மூன்று அம்சங்கள்: வயது, பிறந்த ஆண்டு, சோதித்த ஆண்டு. சோதித்த ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் வயது வந்துவிடும். இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாகவே தெரியும். அப்படியிருக்க, மூன்றின் விளைவையும் தனித்தனியாகப் பிரிக்க எந்தப் புள்ளியியல் வித்தையாலும் முடியாது. ஏதாவது ஒன்றுக்கு விளைவில்லை என்பதுபோல ஓர் அனுமானம் வைத்தாக வேண்டும். ஷாயியின் நேர்கோட்டுக்கு அடியிலும் அப்படி ஓர் அனுமானம் உட்கார்ந்திருக்கிறது.

எடின்பரோ குளிர்:
நான் இருக்கிற ஊரின் பெருமையையும் கொஞ்சம் கேளுங்கள். 1932 ஜூன் 1 அன்று ஸ்காட்லாந்தில் 1921ல் பிறந்த பள்ளிப் பிள்ளைகள் 87,498 பேருக்கு ஒரே அறிவுத்திறன் தேர்வு வைத்தார்கள். விடைக்கணக்குப் பேரேடுகள் அப்படியே கிடந்தன. 1990களின் பிற்பகுதியில் இயன் டியரி குழு அவற்றைக் கையில் எடுத்து, அப்போது எழுதியவர்களில் 101 பேரை 77 வயதில் கூப்பிட்டு அதே வினாத்தாளைக் கொடுத்தது. இரண்டு மதிப்பெண்களுக்கும் ஒட்டுறவு 0.63 (முழுதாக ஒத்துப்போனால் 1, தொடர்பே இல்லையென்றால் 0). 11 வயதில் முன்வரிசையில் இருந்தவர்களில் பலர் 77லும் முன்வரிசையில்தான். 66 வருஷத்துக்கு முன் எழுதிய தேர்வில் யாருக்குப் பழக்கம் வரப்போகிறது?

ஆனால் உங்கள் இருவரின் சண்டை 'எப்போது' என்பதைப் பற்றியது. இது 'யாருக்கு' என்பதைப் பற்றியது. சராசரிக் கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு மீனா மேடத்துக்கு ஒருவரும் ஜோசியம் சொல்ல முடியாது.

மீனலோசனி:
சரி, தேர்வில் என்ன எழுதுவது?

கணக்குப்பிள்ளை:
'எந்தத் திறன்' என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். ஒற்றைக் கோடு வரைந்தால் நானே மதிப்பெண் குறைப்பேன்.

நெல்லை வாத்தியார்:
இடமிருந்தால் 1986ல் ஷாயியும் ஷெர்ரி வில்லிஸும் வெளியிட்ட பயிற்சி ஆய்வையும் சேருங்கள். 64 வயதைத் தாண்டியவர்களுக்கு ஐந்தே அமர்வுகள். முன்பு இறக்கம் கண்டிருந்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் 14 ஆண்டுக்கு முந்தைய நிலைக்குத் திரும்பினார்கள். கணக்குப்பிள்ளை உடனே பாய்வார்.

கணக்குப்பிள்ளை:
பாயவில்லை. ஒரு குழுவுக்குத் தர்க்கம், இன்னொன்றுக்கு இடவுணர்வு (உருவங்களை மனதில் திருப்பிப் பார்க்கும் திறன்) என்று பிரித்துக் கொடுத்து ஒன்றை மற்றதோடு ஒப்பிட்டார்கள். அது நல்ல வேலை. பயிற்சி கொடுத்த திறனைத் தாண்டி அன்றாட வாழ்க்கைக்கு எவ்வளவு பரவியது என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

மீனலோசனி:
எல்லாவற்றையும் மகனுக்குப் படித்துக் காட்டினேன். 27 கதையை இனி எடுக்க மாட்டானாம். அடுத்த மாதம் அவனுக்கு 28.