64 வருடம் ஒரே ஆள் சட்டமன்றத்தில் இருக்க முடியுங்களா?

கோபிக்காரன்:
மகள் அமெரிக்காவில் மேடிசனில் இருக்கிறாள். அந்த ஊர் ஃபிரெட் ரிஸ்ஸர் 1957-ல் விஸ்கான்சின் மாநிலக் கீழ்சபைக்குப் போனவர், 1962-ல் செனட்டுக்கு மாறி, 2021 ஜனவரியில்தான் இறங்கினாராம். நம்ம செங்கோட்டையன் 1977 தொடங்கி 2021 வரை ஒன்பது தடவை ஜெயித்தவர், அவரே 1996-ல் தோற்றார். இவருக்கு மட்டும் எப்படிங்க?

காங்கேயம் வக்கீல்:
அண்ணா, மேடிசன் பல்கலைக்கழகமும் அரசு ஆபீஸ்களும் உள்ள ஊர். ஜனநாயகக் கட்சி கோட்டை. ரிஸ்ஸரின் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா எல்லோருமே அந்த மாநிலச் சபையில் இருந்தவர்கள். ஆனால் பரம்பரை ஒன்றே 64 வருடம் ஓட்டு வாங்கித் தராது.

2011 பிப்ரவரியில் நான் அங்கே படித்துக்கொண்டிருந்தேன். அரசு ஊழியர் சங்கங்களின் பேரம் பேசும் உரிமையைப் பிடுங்க கவர்னர் வாக்கர் (அங்கே கவர்னர்தான் நம்ம முதல்வர் மாதிரி) மசோதா கொண்டுவந்தார். செனட்டில் மொத்தம் 33 பேர், பண மசோதாவுக்கு 20 பேர் சபையில் இருக்க வேண்டும், ஆளுங்கட்சிக்கு 19 பேர்தான். எதிர்க்கட்சி 14 பேரும் பக்கத்து இல்லினாய்க்குப் போய்விட்டார்கள். அதில் 83 வயது ரிஸ்ஸரும் ஒருவர்! சட்டமன்றக் கட்டடத்துக்குள் பளிங்குத் தரையில் படுக்கை விரித்து ஜனங்கள் கிடந்தார்கள். எங்கெங்கோ நாட்டிலிருந்து போனில் காசு கட்டி அவர்களுக்கு பீட்சா அனுப்பினார்கள். நானும் ரெண்டு துண்டு தின்றேன், பொய் சொல்வானேன்.

ஈரோட்டு மஞ்சள்:
கூவத்தூர் கதைங்களா?

காங்கேயம் வக்கீல்:
அது வேறங்க தம்பி. கூவத்தூரில் இருந்தவர்கள் ஆட்சி அமைக்க, கட்சி காவலில். இவர்கள் தாமாகப் போனவர்கள். விஸ்கான்சின் போலீஸ் எல்லை தாண்டி வந்து இழுத்துப் போக முடியாது. கடைசியில் மசோதாவிலிருந்து நிதி விஷயத்தைக் கழற்றிவிட்டு, அவர்கள் இல்லாமலே நிறைவேற்றிவிட்டார்கள். நம்ம சபையில் பத்தில் ஒரு பங்கு பேர் இருந்தாலே கூட்டம் நடக்கும், வெளிநடப்பெல்லாம் ஃபோட்டோவுக்குத்தான்.

கோபிக்காரன்:
சரிங்க, அவருக்கு அப்புறம் மகனுங்களா?

காங்கேயம் வக்கீல்:
இல்லைங்கண்ணா. கெல்டா ராய்ஸ் என்ற வக்கீலம்மா. அங்கே சீட்டைத் தலைமை பார்த்துக் கொடுப்பதில்லை; உட்கட்சித் தேர்தல் வைத்து, ஊர் ஜனங்கள் ஓட்டுப்போட்டு எடுப்பார்கள். பல பேர் மோதினார்கள், அந்தம்மா ஜெயித்தார். ரிஸ்ஸரும் எந்தத் தலைவர் வாசலிலும் சீட்டுக்காக நின்றிருக்க வேண்டியதில்லை.