ஓபியில் எல்லோரும் "ஆமாங்க டாக்டர்" என்கிறார்கள், பிரஷர் மட்டும் இறங்கவில்லை

வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த மருத்துவர் நான். பிரஷர் நோயாளிகள் மாத்திரையை ஒழுங்காகப் போடுவதாகச் சொல்கிறார்கள், பார்த்தால் 180/110. அளவைக் கூட்டவும் பயமாக இருக்கிறது. உண்மையிலேயே போட ஆரம்பித்தால் ஒரேயடியாக இறங்கிவிடுமே.

வருபவர்களில் பாதிப் பேர் தேயிலை பறிக்கும் அக்காமார், மீதி இந்த மலையின் படுகர் சமூகப் பாட்டிகள். இலை எடை போடுவதற்குள் தோட்டத்துக்குத் திரும்பும் அவசரம் அவர்களுக்கு, வாசல் வரை நிற்கும் வரிசை எனக்கு.

நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். பரீட்சை என்று நினைத்துச் சிரித்து மழுப்புகிறார்கள். அட்டையில் சூரியன், நிலா வரைந்து கொடுத்தது கொஞ்சம் உதவியது. மிச்ச மாத்திரையைக் கொண்டுவரச் சொன்னால் மறந்துவிட்டோம் என்பார்கள். செவிலியர் அக்கா படுகு மொழியில் விசாரித்தால்தான் விஷயம் வெளியே வருகிறது. "தலை சுத்துற அன்னைக்கு மட்டும் போடுவேன்" என்று ஒரு பாட்டி அவரிடம்தான் சொன்னார். செவிலியர் அக்கா தடுப்பூசி போட வெளியே போகும் நாட்களில் நான் தனி.

மாத்திரை கிடைக்காததும் காரணம் இல்லை, வீட்டுக்கே போய்ச் சேர்கிறது, தட்டுப்பாடு இல்லை.

மாத்திரையை விட்டுவிட்டதை நோயாளி கூச்சமில்லாமல் சொல்ல, நீங்கள் என்ன வார்த்தைகளில் கேட்கிறீர்கள்?